ஆணி அடிக்கும் உரிமை

உயிர் எங்கிருந்து வந்தது, உலகம் மெய்யா பொய்யா, ஊழ் பெரிதா முயற்சி பெரிதா என்பன போன்ற பெரிய கேள்விகளைக் கேட்பதற்குப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு ஒரு சின்னக் கேள்வி போதும். வாடகைக்குக் குடியிருக்கிறவருக்கு அந்த வீட்டுச் சுவரில் ஓர் ஆணி அடிக்க உரிமை உண்டா, இல்லையா?

இதற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று சிரித்துவிட வேண்டாம். வீடு என்பது அதைக் கட்டியவருக்குச் சொந்தமா, அதில் வாழ்கிறவருக்குச் சொந்தமா என்ற பழைய வழக்கு முழுவதும் அந்த இரண்டங்குல ஆணியின் முனையில்தான் வந்து நிற்கிறது. வழக்கை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவும் பெண்களாகவும் இருப்பதால் அது நமக்கு வழக்காகத் தெரிவதில்லை. குழாயடிச் சண்டையாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகும் சாலையில் இருக்கிறது அனுப்பர்பாளையம். பின்னலாடையால் திருப்பூருக்குப் பெயர் என்றால், பாத்திரத்தால் அனுப்பர்பாளையத்துக்குப் பெயர். பித்தளை, செம்பு, பிறகு எவர்சில்வர் என்று உலோகம் மாறி வந்ததே தவிர, தட்டித் தட்டி உருவாக்கும் கைகளின் பெருமை மாறவில்லை. பாத்திரப் பட்டறைகளுக்குப் பக்கத்திலேயே பனியன் கம்பெனிகளும் வந்துவிட்டன. கம்பெனி வந்த இடத்துக்கு ஆள் வருவார்கள். ஆள் வந்த இடத்தில் லைன் வீடு எழும்பும். ஒரே நீளச் சுவர், ஒரே கூரை, நடுவில் தடுத்துத் தடுத்து எட்டோ பத்தோ அறைகள், பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. இதுதான் லைன் வீடு. மதுரைக்குத் தெற்கேயிருந்து வந்தவர்களும், இப்போது ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களும் அங்கேதான் தலை சாய்க்கிறார்கள்.

இந்த வீடுகளுக்குக் குடிவருகிறவர்களிடம் சில நிபந்தனைகள் சொல்லப்படும். தண்ணீரை வீணாக்கக் கூடாது. இரவு இத்தனை மணிக்கு மேல் விளக்கு எரியக் கூடாது. விருந்தாளி தங்கக் கூடாது. கடைசியில், தவறாமல், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.

ஒரு நாவலுக்கு விவரம் சேகரிப்பதற்காக அப்படிப்பட்ட ஒரு லைன் வீட்டுக்கு நான் சில நாள் போய்வந்தேன். அங்கே ஓர் அறையில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி, இரண்டு குழந்தைகளுடன் குடியிருந்தாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த துணியில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று நாள் முழுவதும் நின்றபடி பார்க்கிற வேலை. அவளுடைய கணவன் காலமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடி போட்ட அவனுடைய படம், தகரப் பெட்டியின் மேல், அரிசி டின்னில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் ஓடினால் அது சரியும். அரிசி எடுக்க வேண்டுமானால் அதை நகர்த்த வேண்டும். ராத்திரி படுக்கும்போது கால் படாமலிருக்க அதைப் பெட்டிக்குள் வைத்து மூட வேண்டும்.

"தரையில சாய்ச்சு வைக்கிற படமாண்ணே இது?" என்றாள் அவள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

இனி, வீட்டுக்காரி கொடியவள் என்று எழுதிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அவள் கொடியவள் அல்ல. அறுபதைத் தாண்டிய விதவை. கணவன் பாத்திரப் பட்டறையில் உழைத்ததும் அவள் சீட்டுக் கட்டியதும் சேர்ந்துதான் அந்த எட்டு அறைகள். வேறு வருமானம் இல்லை. "தம்பி, ஒருத்தர் காலி பண்ணிப் போனா ஒன்பது ஓட்டைங்க. அதையெல்லாம் அடைச்சு, வெள்ளையடிச்சு, அப்பறந்தான் அடுத்தவங்களை வெக்கோணும். அந்த மாச வாடகை அதுக்கே போயிருமுங்க" என்றாள். அவள் காட்டிய ஒரு காலி அறையின் சுவர் அம்மை வார்த்த முகம் போல்தான் இருந்தது. ஓர் இடத்தில் உள்ளங்கையளவு பூச்சு பெயர்ந்து விழுந்து, சாம்பல் நிறக் கல் தெரிந்தது. அவளுடைய கவலையும் கவலைதானே?

இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகத் தோன்றும்போது, இந்தச் சங்கடம் எப்போது தொடங்கியது என்று பார்ப்பது நல்லது.

நம் பழைய வீடுகளில் சுவரில் ஆணி அடிக்கும் அவசியமே அதிகம் இருந்ததில்லை. விளக்கு வைக்க மாடக்குழி இருந்தது. அதைச் சுவர் வைக்கும்போதே விட்டுக் கட்டினார்கள். பாலும் மோரும் உறியில் இருந்தன. உறி உத்திரத்தில் தொங்கியது. துணி கொடியில் கிடந்தது. சட்டி பானைகளுக்குப் பரண். எதையாவது மாட்ட வேண்டுமானால், கட்டும்போதே சுவரில் பதித்துவிட்ட மர முளை இருந்தது. அதாவது, இந்த வீட்டில் மனிதர்கள் வாழப்போகிறார்கள், அவர்களுக்கு இன்ன இன்ன வேண்டியிருக்கும் என்பதை வீடு கட்டினவரே முன்கூட்டி நினைத்துப் பார்த்திருந்தார். அதற்குக் காரணமும் உண்டு. கட்டியவரும் வாழ்ந்தவரும் அங்கே பெரும்பாலும் ஒருவரே.

பிறகு படங்கள் வந்தன. 1894-ல் ராஜா ரவிவர்மா பம்பாயில் அச்சுக்கூடம் தொடங்கினார். அதுவரை கோயிலிலும் அரண்மனையிலும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் அச்சாகிச் சாமானியர் வீட்டுக்குள் நுழைந்தார்கள். நம் பக்கத்தில் கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வங்கள், சிவகாசி அச்சகங்களின் வழியாகக் காலண்டர்களில் ஏறி ஊர் ஊராகப் போயின. போட்டோ பிடிக்கும் வழக்கமும் பரவியது. செத்துப்போன அப்பாவின் முகத்தைப் பேரன் பார்க்க முடிந்தது. தலைமுறை தலைமுறையாகப் பணக்காரனுக்கு மட்டும் கிடைத்த ஒரு பாக்கியம் ஏழைக்கும் கிடைத்தது. சுவர் அவனுக்குப் பூஜையறையாயிற்று. குடும்பச் சரித்திரமும் ஆயிற்று.

ஆனால் அதே காலத்தில்தான் அவன் ஊரை விட்டுக் கிளம்பினான். மில் இருக்கும் ஊருக்கும், ரயில்வே இருக்கும் ஊருக்கும், பிறகு பனியன் கம்பெனி இருக்கும் ஊருக்கும் போனான். படம் சொந்தமாகக் கிடைத்தபோது சுவர் வாடகைச் சுவராகிவிட்டது. சங்கடத்தின் பிறப்பு இதுதான். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது பழமொழி. சித்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, சுவருக்காக இன்னொருவர் வாசலில் நிற்கிறவனைப் பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம், குடியிருக்கிறவர் காலி செய்யும்போது வீட்டைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் நியாயமான புழக்கத்தினால் ஏற்படும் தேய்மானத்துக்கு அவர் பொறுப்பல்ல என்றும் சேர்த்தே சொல்கிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தை எழுத்தில் செய்துகொள்ளச் சொல்கிறது. வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் வெள்ளையடிப்பதை வீட்டுக்காரரின் பொறுப்புகளில் வைக்கிறது. குழாய் வாஷர் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளைக் குடியிருக்கிறவரிடம் விடுகிறது. படம் மாட்ட அடித்த ஓர் ஆணி நியாயமான புழக்கமா, சேதமா? அதைச் சட்டம் நம்முடைய மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. மனச்சாட்சிக்கு விட்டதையெல்லாம், சாவி யார் கையில் இருக்கிறதோ அவரே தீர்ப்புச் சொல்லிவிடுகிறார் என்பதுதான் உலக அனுபவம்.

இதுவரை வீட்டுக்காரர், குடித்தனக்காரர் என்ற இரண்டு கட்சிகளைப் பற்றிப் பேசினேன். மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. அது சுவர். அதன் அபிப்பிராயத்தையும் கேட்க வேண்டாமா?

எல்லாச் சுவரும் வெள்ளையடித்தால் ஒன்று போலத்தான் இருக்கின்றன. உள்ளே அப்படியில்லை. மேலே தெரிகிற பூச்சு பெரும்பாலும் அரை அங்குலக் கனம்தான். சின்ன ஆணி அந்தப் பூச்சோடு நின்றுவிட்டால், அது சுவரைப் பிடித்திருப்பதாகச் சொல்ல முடியாது. சுவரின் சட்டையைப் பிடித்திருக்கிறது. பூச்சுக்குப் பின்னால் ஒன்பதங்குலச் செங்கல் சுவர் என்றால் ஆணி நிற்கும். ஹாலோ பிளாக் என்று சொல்லும் பொள்ளல் கல் என்றால், ஓரங்குலம் போனதும் உள்ளே வெற்றிடம். ஆணி அதில் புகுந்து ஆடும். கல்லின் உட்பக்கம் சிதறும். கான்கிரீட் தூணிலோ லிண்டலிலோ சாதாரண ஆணியை வைத்து அடித்தால் ஆணிதான் வளையும். அனுப்பர்பாளையத்து அம்மாளின் சுவர் பொள்ளல் கல் சுவர். ஒவ்வொரு குடித்தனமும் ஒன்பது ஓட்டை போட்டதற்குக் காரணம் ஒன்பது படம் இருந்ததல்ல. எட்டு ஆணி நிற்காமல் போனதுதான்.

அமெரிக்காவில் இந்தத் தொல்லை வேறு விதம். அங்கே பெரும்பாலான வீடுகளுக்கு மரச் சட்டம்தான் எலும்பு. பதினாறு அங்குலத்துக்கு ஒன்றாகச் சட்டங்களை நிறுத்தி, அவற்றின் மேல் ஜிப்சம் பலகையை அறைந்து வண்ணம் பூசிவிடுகிறார்கள். பலகை அதிகப் பாரம் தாங்காது. பாரத்தை மாட்ட வேண்டுமானால் பின்னால் மறைந்திருக்கும் சட்டத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதற்கென்று கருவியே விற்கிறார்கள். காந்தத்தைச் சுவர் மேல் நகர்த்தி, பலகையைச் சட்டத்தில் முடுக்கிய திருகு எங்கே இழுக்கிறது என்று பார்க்கிறவர்களும் உண்டு. ஒன்றுமில்லாதவர்கள் விரலால் தட்டிக் கேட்கிறார்கள். வெற்றிடத்தில் ஓசை முழங்கும். சட்டம் உள்ள இடத்தில் அடங்கிக் கேட்கும்.

தட்டிக் கேட்பதை அனுப்பர்பாளையத்துக்காரர்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. குடத்தைச் சுண்டிப் பார்க்காமல் யார் வாங்குகிறார்கள்? கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது சொல்லிவிடும். பாத்திரத்துக்குக் கொடுக்கிற அந்த மரியாதையை நாம் சுவருக்குக் கொடுப்பதில்லை. கேட்காமல் அடிக்கிறோம். அது நின்றால் நம் சாமர்த்தியம். விழுந்தால் சுவரின் குற்றம்!

மனிதர்களிடத்திலும் இப்படித்தான் நடந்துகொள்கிறோம். ஒரு குடும்பத்தின் பாரமெல்லாம் வெளியே தெரிகிற ஒருவர் மேல் தொங்குவது போலத் தோன்றும். தட்டிப் பார்த்தால் உள்ளே ஒரு சட்டம் மறைந்திருக்கும். அண்ணன் படிப்பும் தங்கை கல்யாணமும் அப்பாவின் கடனும் பனியன் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண்ணின் சம்பளத்தில் மாட்டியிருக்கும். உன்னால் இது தாங்குமா என்று அவளை ஒருவரும் கேட்டதில்லை. நிற்கிறாள் என்பதாலேயே இன்னும் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுவார்கள். பிறர் மேல் பாரம் வைக்கும் முன் அவரைக் கேட்க வேண்டும் என்ற தர்மம் சுவருக்கும் உண்டு, மனிதருக்கும் உண்டு.

இந்தத் தர்மத்தை உணர்ந்த ஒருவரை இங்கே சொல்ல வேண்டும். லண்டனில் ஜான் ஜோசப் ராலிங்ஸ் என்று ஒரு கட்டட வேலைக்காரர் இருந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் சுவர்களில் மின்சாரச் சாமான்களைப் பொருத்தும் வேலை அவரிடம் வந்தது. அந்தச் சுவர்களை உடைத்துப் பெரிய பெரிய மரக்கட்டைகளைப் பதிக்கும் பழைய முறை அங்கே உதவாது. சுவருக்குக் காயம் தெரியக் கூடாது. 1911-ஐ ஒட்டி அவர் கண்ட வழி, சணல் நாரைப் பசையிட்டு இறுக்கிச் செய்த ஒரு சிறு குழல். சின்னத் துளையில் அதைச் செருகித் திருகை முடுக்கினால் அது விரிந்து துளையின் பக்கங்களை இறுகப் பற்றிக்கொள்ளும். நம் தச்சர்கள் இன்றும் "ராவல் பிளக்" என்று சொல்வது அவர் பெயரின் நினைவுதான். 1958-ல் ஆர்தர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர் அதையே நைலானில் செய்தார். இன்று ஹார்டுவேர்க் கடையில் சில்லறைக்குக் கிடைக்கிறது. தனக்குச் சொந்தமில்லாத சுவரில், அதற்கு ஊறு நேராமல் ஒன்றை மாட்ட வேண்டுமே என்ற கவலையிலிருந்து பிறந்த பொருள் அது. அதாவது, குடித்தனக்காரரின் கவலை!

அனுப்பர்பாளையத்தில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் அந்த அம்மாளிடம் தர்மம் பேசவில்லை. ஒரு கொத்தனாரை அழைத்துப் போனேன். அவர் கதவுக்கு மேலே ஏழடி உயரத்தில் சுவரைத் தட்டிக்கொண்டே நடந்தார். "லிண்டல் சுத்தி ஓடுதுங்க. இந்த மட்டத்துல எதை வெச்சாலும் நிக்கும்" என்றார். அந்த மட்டத்தில் நாலு துளை போட்டு, பிளக் வைத்து, மூன்று விரல் அகலத்தில் ஒரு மரச் சட்டத்தைத் திருகினார். இனி யார் வந்தாலும் ஆணியை அந்தச் சட்டத்தில் அடித்துக்கொள்ளலாம். சுவரைத் தொட வேண்டாம். வீட்டுக்காரி கையால் சட்டத்தைப் பிடித்துத் தொங்குவது போல இழுத்துப் பார்த்தாள். "அட, இது மொதல்லயே தெரிஞ்சிருந்தா நான் ஏனுங்க வேண்டாங்கப் போறேன்? காலியாக ஆக மத்த ரூமுக்கும் போட்டுர்றேன்" என்றாள். ஏழடி உயரம் என்பது நம் வீடுகளில் படம் மாட்டுகிற உயரமும்தான். முன்னோர் கொஞ்சம் மேலேயிருந்து, கொஞ்சம் குனிந்து நம்மைப் பார்க்க வேண்டும் என்பது நம்முடைய வழக்கமல்லவா?

"இப்போதெல்லாம் ஆணி எதற்கு? பசைக் கொக்கி விற்கிறதே!" என்பார்கள் சிலர். வழவழப்பான ஓட்டிலும் கண்ணாடியிலும் அது நிற்கும். சுண்ணாம்பு அடித்த சுவரில் சுண்ணாம்பையும் உரித்துக்கொண்டு நடு ராத்திரியில் விழும். "படமே எதற்கு? எல்லாம் செல்போனில் இருக்கிறதே!" என்பார்கள் வேறு சிலர். அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் வடக்கத்தித் தொழிலாளியின் அம்மா அவனுடைய செல்போனில்தான் இருக்கிறாள் என்பது உண்மை. ஆனால் செல்போனில் இருக்கிற படத்தை நாம் நினைத்தால்தான் பார்க்கிறோம். சுவரில் இருக்கிற படம் நாம் நினைக்காதபோதும் நம்மைப் பார்க்கிறது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, தலை வாரும்போது ஒரு தரம் அப்பாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்துவிட்டுப் போவதற்குச் சுவர்தான் வேண்டும்.

என் தீர்ப்பு இது. குடியிருக்கிறவருக்கு ஆணி அடிக்கும் உரிமை உண்டு. சாமிக்கு ஒன்று, இறந்தவருக்கு ஒன்று, காலண்டருக்கு ஒன்று. இந்த மூன்றுக்கும் யாரும் அனுமதி கேட்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. ஒரு மனிதன் எதை நம்புகிறான், எங்கிருந்து வந்தான், இன்று என்ன தேதி என்பவை அவை. இவை இல்லாத அறை சத்திரமாகத்தான் இருக்கும், வீடாக இருக்காது. ஆனால் அந்த உரிமையோடு ஒரு கடமையும் ஒட்டியே வருகிறது. தட்டிப் பார்த்து, தாங்கும் இடம் எது என்று அறிந்து அடிக்க வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் மின்சாரக் கம்பி ஓடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். போகும்போது ஓட்டையை அடைத்துவிட்டுப் போக வேண்டும். தெரியாமல் அடிக்கிறவர் தம்முடைய உரிமையைத் தாமே ஓட்டையாக்கிக்கொள்கிறார்.

வீட்டுக்காரர்களுக்குச் சொல்ல ஒன்று உண்டு. வாடகைக்கு விடுவதற்கென்றே கட்டுகிறவர்களும், நம் பாட்டன்மார் மாடக்குழி விட்டுக் கட்டியதைப் போல, இங்கே யாரோ வாழப்போகிறார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டு கட்டலாம். ஒரு மரச் சட்டமும் நாலு பிளக்கும் அதிகச் செலவல்ல. சுவர் உங்களுடையது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரை முன்பணம் வாங்கிக்கொண்டு உள்ளே அழைத்த பிறகு, அவருடைய இறந்துபோனவர்களை மட்டும் வாசலிலேயே நிறுத்திவைப்பது எந்த ஊர் நியாயம்?